பிரிந்திருந்த ஆண்டுகளின் கணக்கு: சபுராளிக் குடும்பங்களும் குடிவரவுச் சட்டங்களும்



விமான நிலையம் அண்மையில் இருப்பதாலோ என்னவோ, எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் ஏதேனும் ஒரு வீட்டில் வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்று நிரப்பப்படாத மாதமே இல்லை எனலாம். சென்ற மாதம் என் தம்பி மகன் ஒரு தடித்த கோப்புடன் வந்து அமர்ந்தான். அவன் மனைவி கனடாவில் செவிலியராகப் பணிபுரிகிறார். அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றவர். கணவனை அழைத்துக்கொள்வதற்காக அவர் முன்வைத்திருக்கும் விண்ணப்பம் அது. முன்பெல்லாம் கணவன்மார் அழைப்பார்கள், மனைவிமார் காத்திருப்பார்கள். இப்போது அது மாறியும் நடக்கிறது.

படிவம் அவனிடம் கேட்பது கடந்த பத்தாண்டு வாழ்க்கையின் முழுக் கணக்கு. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த ஊரில், என்ன தொழில் என்று இடைவெளியே இன்றி எழுத வேண்டும். பதினெட்டு வயதுக்குப் பின், அந்தப் பத்தாண்டுகளில், தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அவனோ மலேசியாவில் பதினொரு மாதமும் சவூதி அரேபியாவில் ஆறு ஆண்டும் இருந்தவன். இவ்விரண்டுக்கும் நடுவே ஏழு மாதம் வேலையின்றி வீட்டில் இருந்தான்.

"பெரியத்தா, மலேசியாவை எழுதாமல் விட்டுவிடச் சொல்கிறார் முகவர். வெறும் பதினொரு மாதம்தானே, அந்தச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு என்கிறார்" என்றான்.

அவனுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. அலமாரியிலிருந்து என் பாட்டனாரின் சிவப்பு அடையாள அட்டையை எடுத்து வந்து அவன் முன் வைத்தேன். மலாயாவில் குடியுரிமை பெறாமல் வதிந்தோருக்கு வழங்கப்பட்ட அட்டை அது. குடிமக்களுக்கு நீல அட்டை. அதன் கதையை அவனுக்குச் சொன்னபோதுதான், இதை நம் குடும்பங்கள் அனைத்துக்குமே எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடல் கடந்து பொருளீட்டச் செல்பவரை நம்மவர் 'சபுராளி' என்பர். 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லோடு தமிழ் விகுதி சேர்ந்து பிறந்த அழகிய சொல். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியாக்கள் எழுப்பிய பள்ளிவாசல்கள் இருநூறு ஆண்டுப் பழமை கொண்டவை. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது. ஆனால் அந்தப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களில் மிகப் பலர் தனியாகச் சென்ற ஆடவர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பெண்கள் தாய்வீட்டிலேயே வாழ்வது நெடுங்கால வழக்கம். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்களிலும், கணவர் அக்கரையில் கடை பார்க்க, மனைவி இக்கரையில் மாமியாரையும் பிள்ளைகளையும் நிலத்தையும் பார்ப்பதே முறை. மூன்றாண்டுக்கு ஒருமுறை கணவர் வருவார், சில மாதம் தங்குவார், மீண்டும் கப்பல் ஏறுவார்.

அந்தப் போக்குவரத்துக்குச் சட்டம் நெடுங்காலம் குறுக்கே நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு. 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களின் பேரர்கள் இன்று நம் ஜமாஅத்துகளில் நிறைய உண்டு. இலங்கைக்கோ, 1914 முதல் திருச்சி வழியாகத் தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயில் இருந்தது. தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904 முதல் திருச்சியையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இவ்வூர் அந்நாளில் அக்கரைக்கு ஒரு வாசலாகவே இருந்தது எனலாம். தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டு, பெயரும் நாளும் பதிவான பின் அனுப்பப்பட்டனர். போய்வரும் நாள்களைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. அந்த எழுத்து பின்னாளில் எதற்குப் பயன்படும் என்பதை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் அடி இலங்கையில் விழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பான்மையோரை வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், அதன்பின் விண்ணப்ப நாள் வரையிலும், இடையறாது இலங்கையில் வதிந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அத்தொடர்ச்சி அறுந்துபோகும். மணமானவராயின் அது மட்டும் போதாது. அவருடைய மனைவியும் மைனர் பிள்ளைகளும் இலங்கையில் தொடர்ந்து வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

மணமானவருக்கு மூன்றாண்டு குறைத்தது சலுகைபோல் தோன்றும். ஆனால் கொழும்பு புறக்கோட்டையில் இருபது ஆண்டாகக் கடை நடத்திய நம்மூர் வணிகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் வரி கட்டியவர், பள்ளிவாசலுக்குக் கொடுத்தவர், சிங்களமும் பேசுவார். அவர் மனைவியோ மாமியாரின் மருத்துவத்துக்காக ஊரிலேயே இருந்தவர். அந்த ஒரு காரணமே அவர் வேர் இலங்கையில் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடும். மனைவி வாழும் இடமே ஒருவரின் ஊர் என்று சட்டம் எடுத்துக்கொண்டது. நம் வழக்கமோ அதற்கு நேர்மாறானது.

விண்ணப்பங்களுக்கான கெடு 1951 ஆகஸ்ட் 5. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரின் கதி 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையில் எண்களாகப் பங்கிடப்பட்டது. அவர்களில் பெரும்பான்மையோர் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுடைய துயரத்தின் அளவோடு ஒப்பிட்டால் வணிகர்களின் இழப்பு சிறிது. இதைச் சொல்லாமல் நம்மவர் கதையை மட்டும் சொல்வது நியாயமாகாது.

என் பாட்டனாரின் அட்டை மலாயாவைச் சேர்ந்தது என்றேன். அங்கு 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிலும் அவ்வாறே. புதிதாக வருவோருக்குக் கதவு பெரும்பாலும் அடைபட்டது. ஆயினும் அங்கு வதிவோரின் மனைவி, பிள்ளைகளுக்கு வழி இருந்தது. அவ்வழி நீண்ட நாள் திறந்தே இருக்கும் என்று நம்மவர் நம்பினர். அவசரப்பட்டு அழைத்துச் செல்லவில்லை. பாட்டியார் கப்பலுக்கு அஞ்சினார்கள். அவர்களின் தாயார் நோயுற்றிருந்தார்கள். மூத்த மகளுக்கு நிக்காஹ் முடியட்டும் என்றார்கள். நம் வீடுகளில் எல்லா முடிவுகளும் இப்படித்தான் தள்ளிப்போகின்றன.

1959இல் அந்த வழி குறுகியது. கூட்டரசு மலாயாவும் சிங்கப்பூரும் கொண்டுவந்த புதிய விதிகள், கணவனைப் பிரிந்து தொடர்ச்சியாக ஐந்தாண்டு வாழ்ந்த மனைவிக்கு நுழைவு அனுமதி இல்லை என்றன. பிள்ளைகளுக்கான வயது வரம்பு ஆறாகக் குறைக்கப்பட்டது. வேலையின்மையும் மக்கள்தொகைப் பெருக்கமும் காரணங்களாகக் கூறப்பட்டன. அந்நாட்டு அரசுகளின் நோக்கில் பார்த்தால், குடும்பத்தைத் தாயகத்தில் வைத்துப் பணம் அனுப்புபவர் இந்நாட்டவராகப் போவதில்லை என்ற எண்ணம் புரியாததன்று. சீனத்தில் மனைவியரை விட்டு வந்த சீனர்களையும் இவ்விதி இதேபோல் தாக்கியது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளை எவ்வாறு எண்ணினார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மணமுறிவினால் பிரிந்திருந்தவர்களையும், கணவர் மாதந்தோறும் மணியார்டர் அனுப்ப, மகனுக்குப் பெயர் வைக்கக் கடிதத்தில் கலந்து பேசி, ஒருவருக்கொருவர் துஆ செய்து வாழ்ந்தவர்களையும், கூட வாழாத ஐந்தாண்டு என்ற ஒரே கோலால் அளக்க முடியும். அன்புக்குக் கடவுச்சீட்டில் முத்திரை இல்லை. கப்பல் ஏறிய நாளுக்கும் இறங்கிய நாளுக்கும் மட்டுமே உண்டு.

பாட்டியார் விண்ணப்பிக்கவே இல்லை. கடிதம் எழுதிக் கொடுப்பவர், பாட்டனார் கடைசியாக ஊர் வந்த ஆண்டைக் கேட்டார்; விரல் விட்டு எண்ணினார்; "ஆறு ஆண்டு ஆகிறதே அம்மா, இனிப் பயனில்லை" என்றார். அவ்வளவுதான். அதன்பின் பாட்டனார் தாமே இங்கு திரும்பியது 1969க்குப் பிறகு. அந்நாளில் மலேசியாவில் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. பல்லாயிரம் இந்தியர் மூட்டை கட்டினர். சிவப்பு அட்டையோடு வந்தவர்களில் அவரும் ஒருவர்.

இதே காலத்தில் வேறு விதமாக நடந்துகொண்ட நம்மவரும் உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் சிங்கப்பூருக்கு முன்கூட்டியே குடும்பத்தோடு சென்றனர். 1941இலேயே அங்கு கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்துவிட்டது. இன்று சிங்கப்பூரின் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் கணிசம். அவர்கள் எதிர்காலச் சட்டத்தை அறிந்து சென்றவர்கள் அல்லர். வறுமை துரத்தியது; பெண்களும் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை. வசதி இருந்தவர்கள் மனைவியை ஊரில் விட்டுச் சென்றார்கள், வசதியற்றவர்கள் உடன் அழைத்துச் சென்றார்கள். சட்டம் பின்னாளில் யாருக்குச் சாதகமாயிற்று என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

கணவன் – மனைவி பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு வைத்த ஓர் ஆட்சியாளரை நாம் வேறோர் இடத்திலும் அறிவோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவில் நகர்வலம் வரும்போது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் புலம்புவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்று ஓர் அறிவிப்பும், ஆறு மாதம் என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. அதற்கு மேல் படைவீரர்களைக் களத்தில் நிறுத்தலாகாது என்று ஆணையிட்டார்கள். அங்கும் பிரிந்திருந்த காலம்தான் எண்ணப்பட்டது. ஆனால் உமர் (ரலி) அவர்கள் அதனைப் பெண்ணின் உரிமைக்காக எண்ணினார்கள். வரம்பு கடந்தால் கணவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். குடிவரவுச் சட்டம் வரம்பு கடந்தால் மனைவிக்குக் கதவை அடைத்தது. இரு கணக்குகளும் தொடங்கிய இடம் ஒன்றுதான். சென்று சேர்ந்த இடம் வேறு.

எழுபதுகளில் வளைகுடாக் காலம் தொடங்கியது. அங்கு நிரந்தரக் குடியேற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மனைவியை அழைப்பதற்குக் கணவனின் தொழில்பெயர்தான் திறவுகோல். இகாமாவில் 'தொழிலாளி' என்றிருந்தால் குடும்ப விசா கனவு. 'பொறியாளர்', 'கணக்காளர்' என்றிருந்தால் வழி பிறக்கும். ஒரே கம்பெனியில், ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவர் குடும்பத்தோடும் மற்றவர் தனியறையிலும் வாழ்ந்ததை நான் அறிவேன். விசா கிடைத்த நாளில் அவசரமாக எழுதப்பட்ட ஒரு தொழில்பெயர் பத்தாண்டு இல்லறத்தைத் தீர்மானித்தது.

துணைவரின் வெளிநாட்டு வாழ்வு மனைவிக்கு உதவிய இடமும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை. கடவுச்சீட்டில் அதற்கான முத்திரை இருக்கும். மூன்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த மூன்றாண்டு ஒரே தொடர்ச்சியாகவும் இருக்கலாம், விட்டு விட்டும் இருக்கலாம். அந்த விலக்கு அவருடைய துணைவருக்கும் சேரும். கணவனின் சபுர் மனைவிக்குத் தகுதியாக மாறிய அரிய இடம் இது.

பின்னர் 2017 ஜூலையில் சவூதி அரசு உடன்வாழும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் வரி விதித்தது. அது ஆண்டுதோறும் நூறு நூறாக உயர்ந்து 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவருக்கு மாதம் 1,200 ரியால். நம் பகுதிக்கு எத்தனையோ தாய்மார் பிள்ளைகளோடு திரும்பி வந்து சேர்ந்ததும், இங்குள்ள பள்ளிகளில் ஆண்டு நடுவே இடம் தேடியதும் அப்போதுதான். இன்று அந்தக் குடும்பங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பித்தால், இத்தனை ஆண்டு ஏன் தனித்தனியே வாழ்ந்தீர்கள் என்ற கேள்வி எழலாம். வரிதான் காரணம் என்பதை அங்குள்ள அலுவலர் தாமாக அறிந்திருக்க மாட்டார். நாம்தான் எழுத வேண்டும். பணம் அனுப்பிய வங்கி ரசீதுகளையும், விடுமுறைக்கு வந்துபோன பயணச்சீட்டுகளையும் சேர்த்து வைக்க வேண்டும்.

செய்த வேலையே தடையாக நின்ற வழக்கொன்று அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆப்கானிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கக் குடிமகள் ஒருவர் தம் கணவருக்கு விசா கோரினார். கணவர் தாலிபான் ஆட்சிக் காலத்தில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 2009இல் விசா மறுக்கப்பட்டது. பயங்கரவாதம் தொடர்பான சட்டப்பிரிவு ஒன்று சுட்டப்பட்டதேயன்றி, அவர் செய்த குற்றம் என்ன என்பது விளக்கப்படவில்லை. காரணம் கேட்க மனைவிக்கு உரிமை உண்டா என்பதே 'கெர்ரி எதிர் டின்' வழக்கின் கேள்வி. 2015 ஜூன் 15 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2024 ஜூனில் மற்றொரு வழக்கில், வெளிநாட்டவரான துணைவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமகனின் அரசமைப்பு உரிமை ஆகாது என்று அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே கூறிவிட்டது.

பயணமும் அப்படித்தான். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ள நம்மவர் அமெரிக்காவுக்கு விசா இன்றியே சென்றுவர முடியும். ஆனால் 2011 மார்ச் 1க்குப் பின் ஈராக்குக்கோ ஈரானுக்கோ சிரியாவுக்கோ சென்றவருக்கு அச்சலுகை இல்லை என்று 2015 டிசம்பரில் அங்கு சட்டம் வந்தது. பாக்தாதில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்துக்கு ஸியாரத் சென்றுவந்த முதியவரும் முறையாக விசாவுக்கு விண்ணப்பித்து நேர்காணலில் நிற்க வேண்டும். அது மறுப்பு அன்று, கூடுதல் அலைச்சல் மட்டுமே. ஆனால் சென்றதை மறைத்தால் அலைச்சல் குற்றமாகிவிடும்.

இதையெல்லாம் கேட்டபின் தம்பி மகன், "அப்படியானால் பாட்டியார் காலத்தில் அவர்கள் மறைக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. ஆனாலும் கதவு அடைபட்டதே?" என்றான். உண்மைதான். அவர்களுக்கு எண்ணிக்கை எதிராக இருந்தது. அதை எந்தக் காகிதத்தாலும் மாற்ற முடியாது. அவனுக்கோ எதிராக எதுவுமே இல்லை. மலேசியாவில் முறையான அனுமதியோடு வேலை பார்த்தான், முறையாகத் திரும்பினான். அந்தப் பதினொரு மாதத்தை எழுதினால் ஒரு சான்றிதழும் சில வாரத் தாமதமும். எழுதாமல் விட்டு, பழைய கடவுச்சீட்டின் முத்திரையோ கைரேகையோ காட்டிக்கொடுத்தால், கனடாச் சட்டப்படி பொய்யுரைத்த குற்றத்துக்கு ஐந்தாண்டுத் தடை. பாட்டியாரை நிறுத்தியதும் ஐந்தாண்டு. இவன் தானே தேடிக்கொள்ளக்கூடியதும் ஐந்தாண்டு. அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

மலேசிய வெளியுறவு அமைச்சகம் வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு அன்றிரவே விண்ணப்பத்தைத் தொடங்கினோம். நிக்காஹ் நடந்த ஜமாஅத்தின் பதிவேட்டு நகலும், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பெற்ற சான்றும் ஏற்கெனவே கோப்பில் இருந்தன. இரண்டிலும் மணமகளின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தோம். ஒரு 'எச்' கூடுதலாக இருந்தது. அதற்கொரு உறுதிமொழிப் பத்திரம். பிறகு, அந்த ஏழு மாத இடைவெளியில் என்ன எழுதுவது என்று அவன் தயங்கினான். வேலை இல்லாமல் இருந்ததை எழுத அவனுக்கு வெட்கம். நான் பேனாவை அவன் கையில் கொடுத்தேன். 'வேலையின்றி, பெற்றோருடன், எடமலைப்பட்டி புதூர், திருச்சி' என்று எழுதினான்.